ஒர்வியெத்தோவுக்கு அப்பால் தங்கை வீடு

ரோம் விமான நிலையத்தில் இறங்கியபோது காலை ஏழு மணி பத்து நிமிஷம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மதுரை வரை பஸ், அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில், மெட்ராஸில் சித்தப்பா வீட்டில் ஒரு பகல் முழுக்கக் காத்திருப்பு, பிறகு பம்பாய் வழியாக விமானம். எங்கள் குடும்பத்தில் மெட்ராஸைத் தாண்டியவர்கள் எனக்கு முன்னால் ஒரே ஆள்தான். அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

அது 1995 நவம்பர், செவ்வாய்க்கிழமை. எனக்கு வயது நாற்பத்தாறு. எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷமாக ஆபரேட்டர். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் நானும் மட்டும் வீட்டில். தங்கை கோதை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். அங்கே மெஷின் மாட்ட இத்தாலியிலிருந்து வந்த ஃபிட்டர் ப்ரூனோவை 1988-இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா சாகும்வரை அவள் பெயரைச் சொல்லவில்லை. அம்மா மட்டும் கடிதம் எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கோதையும் மாதம் ஒன்று எழுதினாள்.

அந்தக் கடிதங்கள் கடந்த ஒரு வருஷத்தில் நின்றுபோயின. மூன்று முறை நானே லைன் போட்டுப் பேசினேன். "நல்லா இருக்கேன்க்கா. வேலையா இருக்கேன்" என்று இரண்டே நிமிஷத்தில் வைத்துவிட்டாள். எத்தனையோ ஆயிரம் பேர் பேசுவதைக் காதில் வாங்கியவள் நான். நல்லா இருக்கேன் என்று சொல்கிற குரலில் எது உண்மை, எது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் மில்லுக்கு வேறொரு இத்தாலிய ஃபிட்டர் வந்து, ப்ரூனோ வேலையை விட்டுவிட்டதாகச் சொன்ன செய்தி எங்கள் வீடு வரை வந்தது. வேலையை விட்டவன் பெண்டாட்டியையும் விட்டிருப்பான் என்று அம்மா முடிவு கட்டினாள்.

"போய்க் கூட்டிட்டு வந்துரு. வேற எதுவும் கேக்காத, பேசாத. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா" என்பதுதான் அம்மா சொன்னது. இருபது நாள் லீவு, பதினைந்து நாளில் திரும்பும் டிக்கெட். விசாவுக்காகக் கோதையிடம் அழைப்புக் கடிதம் கேட்டிருந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் அது வந்தது.

விமான நிலையத்திலிருந்து ரோம் நகர ரயில் நிலையத்துக்கு ரயில் கட்டணம் பதின்மூன்றாயிரம் லிரா. ஆயிரம் லிரா நம் கணக்கில் இருபத்திரண்டு ரூபாய்க்குக் கிட்ட வரும். அங்கே வடக்கே போகும் வேறு ரயிலுக்கு மாற வேண்டும். டிக்கெட் கொடுத்தவரிடம் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டினேன். "ஒர்வியெத்தோ" என்று அவர் பாடுவது போலத் திருத்திச் சொன்னார். நூற்றிருபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பெட்டியில் என்னோடு ஐந்து பேர் இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை. நம் ரயிலாக இருந்தால் இதற்குள் என் சம்பளம் வரை விசாரித்திருப்பார்கள். நான் நான்கு முறை எழுந்து நடைபாதையில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது பாறைதான். சமவெளி நடுவே செங்குத்தாக வெட்டி வைத்தது போல ஒரு பழுப்புப் பாறை, அதன் உச்சியில் ஒரு முழு ஊர். ரயில் நிலையம் கீழே இருக்கிறது. மேலே போகக் கம்பிவடத்தில் இழுக்கும் ஒரு சின்ன ரயில் உண்டு. பிளாட்பாரத்தில் கோதை நின்றாள். கழுத்தில் சால்வை, காலில் ரப்பர் பூட்ஸ், உள்ளங்கையெல்லாம் வெடிப்பு. இளைத்திருந்தாள்.

"மெலிஞ்சுட்டியே ஏட்டி" என்றேன்.

"நீ குண்டாயிட்ட. வா, நேரமாச்சு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஒரு பழைய சின்னக் கார். ஃபிகூலே என்ற ஊருக்குப் போகும் மலைச்சாலையில் பதினான்கு கிலோமீட்டர், பிறகு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. வளைவுகளில் அவள் வேகமாகத் திருப்பினாள். நான் கேட்ட எதற்கும் நேராகப் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா, எதிர்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீடு கல்லால் கட்டியது. கீழே ஒரு காலத்தில் மாடு கட்டிய இடத்தை மூன்று அறைகளாக்கி, வெளியூர்க்காரர்களுக்கு நாள்வாடகைக்கு விடுகிறார்கள். சுற்றிலும் நூற்றுப்பத்து ஆலிவ் மரங்கள், கொஞ்சம் திராட்சை. தூரத்தில் ஒர்வியெத்தோ பாறையும் அதன் மேல் மாதா கோயில் முகப்பும் தெரிந்தன. வாசலில் வெயில் விழும் இடத்தில் ஒரு நாற்காலி. அதில் ஒரு மனிதர், மடியில் இடது கை ஒரு பொருளைப் போலக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் வாய் ஒருபக்கமாகக் கோணச் சிரித்தார்.

"வாங்கக்கா. பஸ்ஸு லேட்டா?"

மில்லில் வேலை செய்தவர்களிடம் கற்ற தமிழ். ப்ரூனோவை நான் கடைசியாகப் பார்த்தபோது ஆறடி உயரத்துக்கு நிமிர்ந்து நடந்தவர்.

அடுப்படியில் கோதை சொன்னாள். பதினான்கு மாதத்துக்கு முன்னால், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலையில், சட்டைப் பொத்தான் போடும்போது விழுந்துவிட்டார். இடது பக்கம் முழுக்க விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம்.

"ஏட்டி, ஒரு வரி எழுதக் கூடாதா? அவரு உன்னய விட்டுட்டுப் போயிட்டாருனு அங்க அம்மா அழுதுட்டுக் கெடக்கா."

அவள் சிரித்துவிட்டாள். "அவிய கக்கூசுக்குப் போகவே நான் வேணும். என்னய விட்டுட்டு எங்க போவாவ?" பிறகு சிரிப்பு நின்றது. "எழுதியிருந்தா நீங்க என்ன சொல்லிருப்பிய? வந்துருன்னுதான சொல்லிருப்பிய?"

அதைச் சொல்லத்தான் ஐயாயிரம் மைல் வந்திருந்தேன்.

புதனும் அதற்கடுத்த நாட்களும் எனக்குப் பெரும்பாடாகிவிட்டன. அங்கே சத்தமே இல்லை. எக்ஸ்சேஞ்சில் நான் இருக்கும் இடத்தில் எட்டு மணி நேரமும் மணி அடிக்கும், ஆள் கத்துவார்கள். இங்கே கோதை காலை ஆறரைக்கு ப்ரூனோவை எழுப்பி உட்கார வைத்து, கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி கொடுத்து, எட்டு மணிக்கு மரங்களுக்குப் போய்விடுவாள். மத்தியானம் வந்து சமைப்பாள். மாலை ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அடுப்படியில் இருந்த டப்பாக்களை இரண்டு முறை இடம் மாற்றி அடுக்கினேன். மண்பாதை முனைவரை நடந்து, யாரையும் காணாமல் திரும்பினேன். ப்ரூனோ சாப்பிட வந்தால் தட்டை வைத்துவிட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றுகொள்வேன். அவர் பேச வரும்போதெல்லாம் எனக்குத் தண்ணீர் எடுக்க வேறெங்காவது போக வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை ஒர்வியெத்தோவில் சந்தை. கோதைக்கு அவருடைய மருந்து வாங்க வேண்டியிருந்தது. பக்கத்துப் பண்ணைக்கார அம்மாள் அசுந்தா, எழுபது வயதிலும் ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டியைத் தானே ஓட்டுகிறவள், வந்து ப்ரூனோவோடு இருந்தாள். கோதை என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் வருவதாகச் சொன்னாள்.

அந்தக் கோயில் அறுநூறு, எழுநூறு வருஷத்துக் கட்டடம். பக்கச் சுவர்கள் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக அடுக்கிய கல். முகப்பு பூராவும் பொன் பதித்த சித்திரம், வெயில் படும்போது கண் கூசியது. நம் ஊர்க் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள் என்பதால் உயரம் என்னை அசத்தவில்லை. சுத்தம்தான் அசத்தியது. வாசலில் செருப்பு விடும் இடத்தைத் தேடினேன். எல்லோரும் பூட்ஸோடு போனார்கள், நானும் போனேன். ஆனால் உள்ளே பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை.

எழுந்து போய் ஊர்க் கோடியில் இருந்த கிணற்றைப் பார்த்தேன். முற்றுகை வந்தால் குடிதண்ணீருக்கு என்று ஒரு போப்பாண்டவர் வெட்டச் சொன்னதாம். இருநூற்று நாற்பத்தெட்டுப் படி இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஒரு சுழல்படி, ஏறுவதற்கு அதைச் சுற்றியே இன்னொன்று. தண்ணீர் சுமந்த கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. நான் எண்ணிக்கொண்டே இறங்கினேன். அடியில் குளிர்ந்த தண்ணீர், ஒரு மரப்பாலம். ஏறும்போது நூறாவது படியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அப்போது எனக்குள் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். கோதை ஊருக்கு வந்துவிட்டால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் இருக்கும், நான் கொஞ்சம் மூச்சு விடலாம். கூட்டிப் போக வேண்டும் என்ற என் அவசரத்தில் பாதி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு, நம் நேரம் மாலை ஏழு, தேரடிப் பக்கம் உள்ள எஸ்.டி.டி. பூத்தில் அம்மா வந்து காத்திருப்பதாக ஏற்பாடு. லைன் கிடைத்தது.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"அவன்?"

"இருக்காரு."

"கூட்டிட்டு வாரியா?"

"பேசிட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டே நிமிஷம். பக்கத்தில் ஆலிவ் பழம் பிரித்துக்கொண்டிருந்த கோதை தலை நிமிரவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பழம் பறிப்பு. மரத்தடியில் வலை விரித்து, பிளாஸ்டிக் சீப்பால் கிளையைக் கோதினால் பழம் உதிரும். வேலை என்றதும் எனக்கு உயிர் வந்தது. கோதை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தன் இன்னொரு ஜோடி கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்புட்டையும் நீ ஒருத்தியா பறிக்கணுமா?"

"போன வருசம் ஒருத்திதான் பறிச்சேன். பாதி மரத்துல அப்படியே விட்டுட்டேன்."

அழைப்புக் கடிதம் அனுப்பக் காரணம் அப்போதுதான் புரிந்தது. மூன்று மாதம் யோசித்துவிட்டு, அறுவடைக்கு நாலு நாள் முன்னால் வரும்படி எழுதியிருக்கிறாள். வாய்விட்டுக் கேட்க மட்டும் வரவில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு அவளும் அசுந்தாவும் பதினெட்டுப் பெட்டி பழத்தோடு ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த எண்ணெய் ஆலைக்குப் போனார்கள். பறித்த பழத்தை ரொம்ப நாள் வைத்தால் எண்ணெய் கெட்டுவிடும், அன்றைக்குத்தான் முறை கிடைத்திருந்தது. பத்தேகால் இருக்கும், நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காற்றில் கதவு படார் படார் என்று அடித்தது. பிறகு வேறொரு சத்தம்.

ஓடி வந்தால் ப்ரூனோ தரையில் கிடந்தார். கதவைச் சாத்த எழுந்திருக்கிறார். நெற்றியில் லேசான சிராய்ப்பு. நான் டெலிபோனிடம் ஓடினேன். கையில் எடுத்த பிறகுதான் யாரைக் கூப்பிட, எந்தப் பாஷையில் சொல்ல என்று திகைத்தேன். இருபத்திரண்டு வருஷ ஆபரேட்டர், ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன்.

"அக்கா" என்று தரையிலிருந்து குரல் வந்தது. "போன் வேணாம். நீங்க வாங்க. செத்த நேரம். மெதுவா."

அப்பாவைத் தவிர எந்த ஆண்பிள்ளையையும் நான் தொட்டதில்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதீங்க! கை போயிடும். மொதல்ல பெல்ட்."

கதவுக்குப் பின்னால் கோதை தைத்து வைத்திருந்த அகலமான பெல்ட் தொங்கியது. அதை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினேன். நாற்காலியைச் சுவரோடு அண்டக் கொடுக்கச் சொன்னார். வலது காலை அவரே மடித்துக்கொண்டார். என் முழங்காலை அவருடைய முடங்கிய முழங்காலுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார். பெரிய மெஷினை அடித்தளத்தில் ஏற்றுகிறவர் போல ஒவ்வொன்றாக, பதறாமல் சொன்னார்.

"நான் சொல்வேன் ஏத்து. அப்ப ஏத்தணும். ஒண்ணு, ரெண்டு, ஏத்து!"

முதல் தடவை இருவரும் சரிந்தோம். இரண்டாவது தடவை பாதியில் என் பிடி நழுவியது. மூன்றாவது தடவை அவர் உடம்பு முழுக்க என் தோளில் சாய, நாற்காலியில் விழுந்து உட்கார்ந்தார். அவருடைய சட்டையில் என் நெற்றி வேர்வை. மூச்சு வாங்க இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"பாஸ்!" என்றார். ராஜபாளையத்தில் மெஷின் ஓட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால் சொல்லும் வார்த்தையாம்.

பாலைக் காய்ச்சிக் காப்பி போட்டேன். முதல் தடவையாக அவர் எதிரே உட்கார்ந்து குடித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னார்.

"அக்கா, கோதைய கூட்டிட்டுப் போங்க. இங்க வேலை ஜாஸ்தி. அவளுக்கு ரெஸ்ட் இல்ல. என்னய மாதிரி ஆளுக்கு டவுன்ல வீடு இருக்கு, நர்ஸ் இருக்கு. நான் சொன்னா அவ கேக்கல. நீங்க சொல்லுங்க."

நான் எதற்காக வந்தேனோ அதையே அவரும் கேட்டார். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலி டம்ளரைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன்.

கோதை ஒரு மணிக்கு வந்தாள். பச்சை நிறத்தில் கலங்கலான புது எண்ணெய் மூன்று பெரிய டப்பாக்களில். முகம் பூராவும் சந்தோஷம். அவருடைய நெற்றியைப் பார்த்ததும் அது போய்விட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டதையும் சொன்னேன். அம்மா சொல்லி அனுப்பியதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

முதலில் அவரிடம் இத்தாலிய மொழியில் கத்தினாள். பிறகு எனக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டியளா? மில்லுல மெஷினக் கழட்டி வேற எடத்துல மாட்டுற மாதிரி என்னயக் கழட்டி ஊர்ல மாட்டிருவியளா? எங்கிட்ட ஒருத்தராவது கேட்டியளா?"

"உனக்குத் தாங்காதுன்னுதான் ஏட்டி."

"தாங்கல. தாங்குதுன்னு நான் எப்பம் சொன்னேன்?" சால்வையை உருவி மேசையில் போட்டாள். "வாரத்துல ரெண்டு நாளு காரை எடுத்துட்டு எங்கயாவது போயிரலாமான்னு தோணும். அந்த முக்கு வரைக்கும் போவேன், திரும்பிருவேன். அதுக்காக என்னய வரச் சொல்லாதிய. இங்க வந்து கொஞ்சம் புடிங்க."

ப்ரூனோ நாற்காலியில் தலை குனிந்து இருந்தார். கோதை போய் அவருடைய நெற்றியைத் துடைத்து, பஞ்சு வைத்தாள். சாயங்காலம் ரொட்டியைச் சுட்டு, புது எண்ணெயை ஊற்றிக் கொடுத்தாள். தொண்டையில் மிளகு போல உறைத்தது. நான் நான்கு துண்டு தின்றேன்.

இரண்டாவது ஞாயிறு இரண்டரைக்கு மறுபடி லைன் போட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். பூத்துக்கு வெளியே போகும் பஸ்ஸின் ஹாரன் வரை கேட்டது, அம்மா குரல் மட்டும் வரவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாப்பிள்ளைக்கு எண்ணெ தேச்சு விடுதாளா?" என்றாள் கடைசியில்.

ஏழு வருஷத்தில் அவள் அவரை மாப்பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கோதையின் கையில் ரிசீவரைக் கொடுத்தேன். அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், என்ன சாப்பிடுவார், யார் பிடிக்கிறார்கள் என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். கோதை அழுதுகொண்டே பதில் சொன்னாள். ரிசீவர் திரும்ப என்னிடம் வந்தபோது அம்மா கேட்டாள்:

"நீ எதுக்கு இம்புட்டு சீக்கிரம் வாரே? அவளே எம்புட்டுதான் பார்ப்பா?"

"உன்னய யாரு பாக்க?"

"எனக்குக் கை கால் இருக்கு."

செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டியவள் டிக்கெட்டை மாற்றினேன், ஆபீசுக்குத் தந்தி கொடுத்தேன். விசா தீரும் வரை, மொத்தம் இருபத்தொன்பது நாள் இருந்தேன். பெல்ட்டைப் பிடிக்கும் ஒரு முனை எனக்கு என்று ஆயிற்று. கடைசி வாரத்தில் ப்ரூனோ தடி ஊன்றி நாற்காலியிலிருந்து அடுப்படி வரை ஏழு அடி நடந்தார். குளிர் காலத்தில் விருந்தாளிகள் வராதபோது அசுந்தா தினம் காலையில் ஒரு மணி நேரம் வருவதாக ஒப்புக்கொண்டாள். அதைக் கேட்க கோதையை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கேட்டது கோதை.

கிளம்பிய அன்று ஸ்டேஷனில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறவு எப்பம் வாரே?" என்றாள். ரயில் புறப்பட்டு வளைவு திரும்பும்வரை பாறை தெரிந்தது. வந்த அன்று போலவே பெட்டியில் என்னால் உட்கார முடியவில்லை. ஆனால் இப்போது கால் போக நினைத்த திசை வேறு.

மதுரையிலிருந்து காலை பஸ். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பிள்ளைகள் கும்பலாக இறங்கினார்கள். கொஞ்ச தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸில் எல்லோரும் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள், "எங்கிட்டு இருந்து வாரீங்க?" என்று கேட்டாள். தங்கச்சி வீட்டிலிருந்து என்றேன். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். இங்கே அடுத்தாற்போல் இருக்கும் வத்திராயிருப்புப் பக்கமா என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. அம்மா வாசலுக்கு வந்தாள். என் முகத்தைத் தடவினாள். வெயிலில் நின்றபடியே கேட்டாள்:

"அங்க இப்பம் மணி எம்புட்டு?"

"ஆறரை இருக்கும்."

"அப்பம் மாப்பிள்ளைய எழுப்புற நேரம்" என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே போன பிறகும் அம்மா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள்.